மதிப்பெண் ஏறி இறங்கியிருந்தால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பத்தாம் வகுப்பில் 500க்கு 471. பதினொன்றில் 600க்கு 402. பன்னிரண்டாம் வகுப்புக் காலாண்டில் மறுபடி 528. இப்படி ஒரு மதிப்பெண் வரிசையை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் பெரிய பல்கலைக்கழகம் எதற்காவது விண்ணப்பிக்கலாமா என்று கேட்டால், சொந்தக்காரர்கள் "வாய்ப்பே இல்லை" என்பார்கள். கன்சல்டன்சியில் "கவலையே படாதீங்க, நாங்க பாத்துக்கறோம்" என்பார்கள். இரண்டுமே உங்கள் பட்டியலைப் படிக்காமல் சொன்ன பதில்கள்.

ஒரே பட்டியலை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகப் படிக்கிறது. அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்கு வருடத்தையும் புரட்டி, எங்கே இறங்கியது, எப்படி ஏறியது என்று பார்ப்பார்கள். பிரிட்டனில் பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பின் மீதுதான் கண். ஜெர்மனியில் சதவீதத்தை ஒரு சூத்திரத்தில் போட்டு வரும் எண்ணை எடுத்துக்கொள்வார்கள். உங்கள் கதை அங்கே செல்லாது. ஆகவே எப்படிச் சமாளித்து எழுதலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், யாரிடம் கொடுத்தால் இந்தப் பட்டியல் நியாயமாகப் படிக்கப்படும் என்று யோசியுங்கள்.

இது தமிழ்நாட்டில் +1, +2 படித்துக்கொண்டே இளநிலைப் படிப்புக்கு வெளிநாடு போக நினைக்கிறவர்களுக்கான வழிகாட்டி. அமெரிக்காவைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். விளக்கம் சொல்ல இடம் அதிகமாக இருப்பது அங்கே. அதற்கான வேலையும் அங்கேதான் அதிகம்.

படி 1: பட்டியலைப் பிரித்துப் பாருங்கள்

ஒரு முழுத்தாளில் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஒவ்வொரு தேர்வையும் பாடவாரியாக எழுதுங்கள். மொத்தம் மட்டும் போதாது. மொத்தம் எப்போதும் பாதியை மறைத்துவிடும்.

எழுதி முடித்ததும் ஏதாவது ஒரு வடிவம் தெரியும். ஒரே ஒரு வருடம் மட்டும் எல்லாப் பாடமும் இறங்கியிருக்கலாம். எல்லா வருடமும் ஒரே ஒரு பாடம் மட்டும் இறங்கியிருக்கலாம். வருடத்துக்கு வருடம் மெதுவாகச் சரிந்துகொண்டே வந்திருக்கலாம். இந்த மூன்றில் முதலாவதற்கு விளக்கம் சொல்ல முடியும். இரண்டாவதற்கு விளக்கத்தைவிடப் பாடத்தேர்வுதான் வழி: வேதியியல் காலை வாரியவர் கணினி அறிவியலுக்கோ பொருளாதாரத்துக்கோ விண்ணப்பித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது, கெமிக்கல் இன்ஜினியரிங்தான் வேண்டும் என்றால் தீரவில்லை. மூன்றாவதுதான் கடினமானது. சரிந்துகொண்டே போகும் வரிசையை எந்த நாட்டிலும் யாரும் விரும்புவதில்லை. அப்படி இருப்பவர்களுக்கு என் யோசனை, இந்த வருடம் விண்ணப்பிப்பதைவிட +2 பொதுத்தேர்வில் ஏற்றிக் காட்டிவிட்டு அடுத்த சுற்றில் விண்ணப்பிப்பதுதான்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளிடம் அதிகம் தெரிவது +1 பள்ளம். அதற்குக் காரணம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். பல பள்ளிகள் +1 பாடத்தை ஒப்புக்கு முடித்துவிட்டு +2 பாடத்துக்கு ஓடும். அதைத் தடுக்கத்தான் 2017-18இலிருந்து +1க்குப் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025-26இலிருந்து அதை எடுத்தும் விட்டார்கள். நீட், ஜேஇஇ கோச்சிங்கோடு சேர்ந்து நடக்கும் பள்ளிகளில் +1 பாடப்புத்தகத்தைத் திறப்பதே தேர்வுக்கு முந்தைய மாதம்தான். இது போதாதென்று, பத்து வரை தமிழ்வழியில் படித்துவிட்டு +1இல் ஆங்கிலவழிக்கு மாறுகிறவர்களின் காலாண்டு மதிப்பெண் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். இதெல்லாம் பாஸ்டனிலோ டொராண்டோவிலோ உட்கார்ந்து படிக்கிறவருக்குத் தெரியாது. சொன்னால்தான் தெரியும்.

இன்னொன்றையும் பாருங்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் செய்முறை உள்ள பாடத்துக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. இயற்பியலில் 72 என்றால், அதில் 30 பெரும்பாலும் முழுதாகக் கிடைத்தது. எழுத்தில் 70க்கு 42. நீங்கள் உண்மையில் எங்கே நிற்கிறீர்கள் என்பதை இந்த 42 சொல்லும். வெளியே யாரிடமும் இதைச் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 2: நாட்டைத் தேர்ந்தெடுங்கள், பிறகு பல்கலைக்கழகத்தை

அமெரிக்கா. பெரும்பாலான பல்கலைக்கழகங்களுக்குக் காமன் ஆப் என்ற ஒரே விண்ணப்பம். அதில் அதிகபட்சம் 20 கல்லூரிகளைச் சேர்க்கலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களான பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் முதலியவற்றுக்குத் தனி விண்ணப்பம். எம்.ஐ.டி.க்கும் தனி (குரோம்பேட்டையில் இருப்பது அல்ல). கலிஃபோர்னியாவின் விதிகளில் நமக்குக் கவனிக்க வேண்டியது, ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) கணக்கில் பத்தும் பதினொன்றும்தான் சேரும் என்பது. ஒன்பதில் சொதப்பியவருக்கு அது நல்ல செய்தி. +1 பள்ளம் உள்ளவருக்குக் கெட்ட செய்தி. போதாக்குறைக்கு எஸ்.ஏ.டி. என்ற அமெரிக்கச் சேர்க்கைத் தேர்வின் மதிப்பெண்ணையும் அவர்கள் சேர்க்கைக்குப் பார்ப்பதில்லை. அதாவது +1இல் விழுந்து, எஸ்.ஏ.டி.யில் 1540 வாங்கி எழுந்தவருக்குப் பெர்க்லி பொருத்தமான இடமில்லை. அந்த மாதிரி வரிசை உள்ளவர், மதிப்பெண்ணையும் எஸ்.ஏ.டி.யையும் பரிந்துரைக் கடிதத்தையும் சேர்த்துப் படிக்கும் தனியார் பல்கலைக்கழகங்களைத் தேட வேண்டும்.

பிரிட்டன். யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக ஐந்து படிப்புகள் வரை. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றுக்குத்தான் ஒரு வருடத்தில் விண்ணப்பிக்க முடியும். +2இல் இத்தனை சதவீதம், இந்தப் பாடத்தில் இத்தனை என்று நிபந்தனை போட்டு இடம் கொடுப்பார்கள். மாநில வாரியத்துக்கு சிபிஎஸ்இயைவிடக் கூடுதலான சதவீதம் கேட்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு; ஒவ்வொன்றின் இணையதளத்திலும் இந்தியாவுக்கான பக்கத்தைத் திறந்து உங்கள் வாரியத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆசையை வளருங்கள். +1 மோசம், +2 பிரமாதம் என்றால் பிரிட்டன் உங்களுக்கு நல்ல இடம். கேம்பிரிட்ஜ், இம்பீரியல் போன்றவற்றில் கணிதம், பொறியியல், அறிவியல் படிப்புகள் பலவற்றுக்குத் தனி நுழைவுத்தேர்வும் இருக்கிறது. ஜேஇஇக்குத் தயாரானவர்கள் அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை.

கனடா. +1, +2 இரண்டையும் பார்ப்பார்கள். வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் சேர்க்கைத் தகவல் படிவத்தில், படிப்பைப் பாதித்த சூழ்நிலையைச் சொல்ல இடமுண்டு. அவர்களே நடத்தும் யூக்ளிட் கணிதப் போட்டியில் நன்றாகச் செய்தால் கணிதம், கணினி அறிவியல் விண்ணப்பத்துக்கு நிஜமாகவே பலன் உண்டு.

ஜெர்மனி. இங்கே +2 மட்டும் வைத்து நேரடியாகச் சேர முடியாது. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறியிருக்க வேண்டும், அல்லது இங்கே அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் முடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஷ்டூடியன்கொலெக் என்னும் ஆயத்தப் படிப்பு. 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு, படிப்பு ஆவணங்களைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் கட்டாயம். மதிப்பெண்ணை பவேரியச் சூத்திரத்தில் மாற்றுவார்கள்: அதிகபட்சத்திலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். 80 சதவீதம், தேர்ச்சி 35 என்றால் விடை ஏறத்தாழ 1.9. அங்கே 1.0தான் முதல் தரம், 4.0 கடைசித் தேர்ச்சி. கதை எழுத வராத, எண்ணில் பிழைத்துக்கொள்கிற ஆட்களுக்கு இது நிம்மதியான நாடு.

படி 3: புதிய சான்று ஒன்றைச் சேருங்கள்

பழைய மதிப்பெண்ணை மாற்ற முடியாது. அதே பாடத்தில் புதிய ஒரு எண்ணைப் பக்கத்தில் வைக்க முடியும். மொத்த வழிகாட்டியிலும் அதிகப் பலன் தருவது இந்தப் படிதான்.

எஸ்.ஏ.டி. இப்போது கணினியில் நடக்கிறது. இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் 800. எம்.ஐ.டி. 2022இலேயே அதை மறுபடி கட்டாயமாக்கியது. ஹார்வர்டு, யேல், டார்ட்மவுத், பிரவுன் எல்லாம் பிறகு அதே வழிக்கு வந்துவிட்டன (யேல், ஏ.பி. என்னும் பாடவாரித் தேர்வு போன்ற மாற்றுத் தேர்வுகளையும் ஏற்கிறது). பள்ளி மதிப்பெண் சீராக இருப்பவருக்கு எஸ்.ஏ.டி. ஒரு சடங்கு, சீராக இல்லாதவருக்கு அதுதான் சாட்சி. கணிதத்தில் +1இல் 61 வாங்கியவர் எஸ்.ஏ.டி. கணிதத்தில் 780 வாங்கினால், அந்த 61 வேறு ஏதோ காரணத்தால் வந்தது என்று படிக்கிறவர் தானாகவே புரிந்துகொள்வார்.

ஆனால் எஸ்.ஏ.டி.யில் இயற்பியலும் வேதியியலும் கிடையாது. அதற்கு ஏ.பி. தேர்வுகள் உண்டு: வருடந்தோறும் மே மாதம், 1 முதல் 5 வரை மதிப்பெண், முந்தைய இலையுதிர் காலத்திலேயே பதிவு செய்துவிட வேண்டும். மையங்கள் குறைவு, கட்டணமும் அதிகம். +1 முடிந்த மே மாதத்தில் எழுதினால்தான் விண்ணப்பத்துக்கு உதவும். காசு கையைக் கடிக்கிறது என்றால் என்.பி.டி.இ.எல். இருக்கிறது. ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் இலவச வகுப்பு. நேரில் போய் எழுதும் தேர்வுக்குத்தான் கட்டணம். ஏ.பி. அளவுக்கு வெளிநாட்டில் தெரிந்த பெயரில்லை என்றாலும், கண்காணிப்போடு எழுதிய தேர்வு என்பதால் வீட்டில் உட்கார்ந்து வாங்கும் ஆன்லைன் சான்றிதழைவிட மேல். கணிதத்தில் உண்மையான ஆர்வம் இருந்தால் செப்டம்பர் வாக்கில் நடக்கும் ஐ.ஓ.கியூ.எம். ஒலிம்பியாட் தகுதித் தேர்வை +1இலேயே எழுதிப் பாருங்கள்.

எல்லாவற்றையும் எழுத வேண்டாம். விழுந்த பாடம் எதுவோ அதில் ஒன்று. பத்துச் சான்றிதழை அடுக்கினால், எந்தப் பள்ளத்தை மூட இத்தனை என்று கேட்கத் தோன்றும்.

படி 4: பள்ளி அலுவலகம்

பெரும்பாலான விண்ணப்பங்கள் தடுக்கி விழுவது இங்கேதான். சர்வதேசப் பள்ளிகளில் இதற்கென்றே கவுன்சிலர் இருப்பார். நம்முடைய அரசு உதவிபெறும் பள்ளியிலோ ஊர்ப்பக்க மெட்ரிக் பள்ளியிலோ காமன் ஆப் என்றால் என்னவென்று தலைமையாசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.

அவரிடம் வாங்க வேண்டியவை: ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான மதிப்பெண் தொகுப்பு, பள்ளியைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பு, கவுன்சிலர் இடத்தில் ஒரு பரிந்துரைக் கடிதம், பாட ஆசிரியர்கள் இருவரின் கடிதம். கவுன்சிலர் இல்லாத பள்ளியில் தலைமையாசிரியரோ வகுப்பாசிரியரோ அந்த வேலையைச் செய்யலாம். உறவினராக மட்டும் இருக்கக் கூடாது.

மதிப்பெண் தொகுப்பைப் பள்ளி லெட்டர்பேடில் அடிக்கச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்புக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் சான்றிதழ் இருக்கும். ஒன்பதுக்கு ரேங்க் கார்டைத் தவிர எதுவும் இருக்காது. 2025-26இலிருந்து +1க்கும் பள்ளிப் பதிவேடுதான் ஆதாரம். சதவீதத்தை நீங்களாக 4.0 ஜி.பி.ஏ.வாக மாற்றிப் போடாதீர்கள். இணையத்தில் கிடைக்கும் மாற்றுப் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. பட்டியலில் உள்ளபடியே 100க்கு இத்தனை என்று போட்டால் போதும். மாற்றத் தெரிந்தவர்கள் அவர்களே மாற்றிக்கொள்வார்கள்.

பள்ளியைப் பற்றிய குறிப்புதான் பலரும் விட்டுவிடுவது. பள்ளி இருக்கும் ஊர், எந்த வாரியம், எந்த மொழி வழி, +2இல் எத்தனை பேர், போன வருடம் 600க்கு 500க்கு மேல் வாங்கியவர்கள் எத்தனை பேர், கணிதம் எடுத்தவர்கள் எத்தனை பேர். இவ்வளவு இருந்தாலே உங்கள் 528 அந்தப் பள்ளியில் எந்த இடம் என்று தெரிந்துவிடும். அமெரிக்காவில் மாணவரை அவருடைய பள்ளிச் சூழலில் வைத்துத்தான் எடைபோடுவார்கள். சூழலைச் சொல்லவே இல்லையென்றால் எதில் வைத்து எடைபோடுவது?

கடிதம் கேட்கப் போனால் அநேகமாக ஒரு பதில் வரும்: "நீயே டைப் பண்ணிட்டு வா தம்பி, கையெழுத்து போட்டுத் தர்றேன்." அன்பாகச் சொல்வதுதான். ஆனால் அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் கட்டுரையும் ஆசிரியர் கடிதமும் ஒரே கையால் எழுதியது என்பது பக்கத்து பக்கத்தில் வைத்துப் படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பதிலாக ஒரு பக்கக் குறிப்பு கொண்டுபோய்க் கொடுங்கள். "சார், +1 காலாண்டில் இயற்பியலில் 41 வாங்கினேன், அதுக்கப்புறம் சனிக்கிழமை லேபில் உட்கார்ந்து பழைய வினாத்தாள் போட்டேன், நீங்க இரண்டு தடவை பேப்பர் திருத்திக் கொடுத்தீங்க" என்று நடந்ததை நினைவுபடுத்துங்கள். அவருக்குத் தமிழில் எழுதத்தான் வரும் என்றால் தமிழில் எழுதட்டும். பள்ளியின் ஆங்கில ஆசிரியர் மொழிபெயர்த்துத் தரலாம்.

இரண்டு சின்ன விஷயம். கடிதம் எழுதுகிறவருக்குக் காமன் ஆப் மின்னஞ்சலில் அழைப்பு அனுப்பும். பள்ளியின் பெயரில் மின்னஞ்சல் முகவரி இருந்தால் அதையே கொடுக்கச் சொல்லுங்கள், அழைப்பு ஸ்பாமில் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம், கடிதங்களைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். விட்டுக்கொடுங்கள். பார்க்கமாட்டார் என்று தெரிந்து எழுதிய கடிதத்துக்குத்தான் மதிப்பு.

படி 5: விளக்கத்தை எழுதுங்கள்: ஒரு தடவை, சுருக்கமாக

காமன் ஆப்பில் சவால்களுக்கும் சூழ்நிலைகளுக்கும் என்று 250 சொல்லுக்கு ஒரு பெட்டி இருக்கிறது. கூடுதல் தகவலுக்கு 300 சொல். இரண்டில் ஒன்று போதும். யூகாஸில் உங்களுக்குப் பெட்டி இல்லை. பள்ளி எழுதும் பரிந்துரையில் சூழ்நிலைகளுக்கென்று தனிப் பகுதி உண்டு, அதை ஆசிரியர்தான் நிரப்ப வேண்டும். எங்கே எழுதினாலும் 650 சொல் முதன்மைக் கட்டுரையில் மதிப்பெண் கதையைக் கொண்டுபோகாதீர்கள். அது நீங்கள் யார் என்று சொல்லக் கிடைக்கும் ஒரே இடம். அதையும் இயற்பியல் காலாண்டுக்குத் தாரைவார்க்க வேண்டுமா?

எது செல்லும், எது செல்லாது? ஆவணம் உள்ள காரணம் செல்லும்: மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி, வீட்டில் ஒரு மரணம், ஊர் மாற்றம், வாரிய மாற்றம், பயிற்றுமொழி மாற்றம், வேலைக்குப் போக வேண்டி வந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் வீட்டில் தண்ணீர் புகுந்து புத்தகம் போனவர்கள் அதைச் சொல்லலாம். "ஆசிரியர் சரியாக நடத்தவில்லை", "வினாத்தாள் கடினம்", "ஆர்வம் வரவில்லை" செல்லாது. காரணமே இல்லை, சும்மா படிக்கவில்லை என்றால் காரணத்தைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். எழுதாமலே விட்டுவிட்டு ஏறிய மதிப்பெண்ணைப் பேசவிடுவது மேல்.

ஒரு மாதிரி பார்ப்போம். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதுவீர்கள். கற்பனையான ஒரு மாணவியின் விளக்கத்தை இங்கே தமிழில் தருகிறேன். முதல் வரைவு வழக்கமாக இப்படி இருக்கும்:

"சிறு வயதிலிருந்தே கல்விமீது எனக்கு அளவற்ற ஆர்வம். ஆனால் விதி வேறுவிதமாக விளையாடியது. பதினொன்றாம் வகுப்பில் பல சொல்லொணாத் துயரங்களைச் சந்தித்தேன். எனினும் விடாமுயற்சியால் வெற்றி பெற்றேன். இந்த அனுபவம் என்னை வலிமையானவளாக மாற்றியது."

இதில் ஒரு தகவல்கூட இல்லை. எந்தத் துயரம், எந்தப் பாடம், எத்தனை மதிப்பெண், எதுவும் தெரியவில்லை. இதையே இப்படி எழுதலாம்:

"பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தேன். எங்கள் ஊரில் கணினி அறிவியல் பிரிவு ஆங்கிலவழியில் மட்டுமே இருந்ததால் பதினொன்றில் மாறினேன். முதல் காலாண்டில் இயற்பியலில் 41, வேதியியலில் 46. விடை தெரிந்த கேள்வியைக்கூடப் படித்துப் புரிந்துகொள்வதற்குள் நேரம் போய்விடும். இரண்டு மொழிப் பாடப்புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கலைச்சொற்களுக்கு ஒரு நோட்டு போட்டேன். ஆண்டிறுதியில் 58, 63. பன்னிரண்டாம் வகுப்புக் காலாண்டில் 84, 81. அந்த நோட்டை இப்போது எங்கள் பள்ளியில் தமிழ்வழியிலிருந்து வருகிறவர்கள் நகலெடுத்துப் பயன்படுத்துகிறார்கள்."

அவ்வளவுதான். அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. எண்கள் வரிசையாக ஏறுகின்றன. கடைசி வரி அந்த மாணவியைப் பற்றி வேறொன்றையும் சொல்லிவிடுகிறது. இதையே தலைமையாசிரியர் தன் கடிதத்தில் ஒரு வரியில் உறுதி செய்தால் பலம் இரட்டிப்பு.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. கன்சல்டன்சி சிலவற்றில் "+1 மார்க்கை மட்டும் கொஞ்சம் சரி பண்ணிடலாம்" என்பார்கள். இந்தியாவிலிருந்து போலி மதிப்பெண் பட்டியலும், அப்பா இறந்துவிட்டதாகப் போலிச் சான்றிதழும் கொடுத்து பென்சில்வேனியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் முழு உதவித்தொகையோடு சேர்ந்த மாணவர் ஒருவர் 2024இல் பிடிபட்டுக் கைதானார். படிப்பும் போய், திரும்பி வர வேண்டியதாயிற்று. 402 என்ற உண்மையான எண்ணால் யாருக்கும் இப்படி ஆனதில்லை.

படி 6: கட்டுரையும் செயல்பாடுகளும்

இதைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறார்கள், நான் சுருக்கிக்கொள்கிறேன். காமன் ஆப்பில் பத்துச் செயல்பாடுகள் வரை, ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்து. பத்தையும் நிரப்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அப்பா கடையில் மாலை நேரக் கணக்குப் பார்த்தது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டது, ஊர் நூலகத்தில் உதவியது எல்லாமே செயல்பாடுதான். நம் பிள்ளைகள் இதை எழுதக் கூச்சப்பட்டு, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் குப்பை பொறுக்கியதை எழுதுகிறார்கள். யூகாஸில் விண்ணப்பத்தோடு எழுதித் தரும் தனிநபர் அறிக்கை 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகளாகிவிட்டது, மொத்தம் 4,000 எழுத்து. ஏன் இந்தப் பாடம், பள்ளிப்படிப்பு எப்படித் தயார்செய்தது, வெளியே என்ன செய்தீர்கள் என்பதே அவை. பாடத்தைப் பற்றிப் பேசுங்கள். வாழ்க்கை வரலாறு வேண்டாம்.

படி 7: பட்டியலும் பணமும்

எம்.ஐ.டி. மாதிரி இடங்களில் விண்ணப்பிக்கும் 100 பேரில் 5 பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை; வெளிநாட்டு மாணவர்களுக்கு இன்னும் குறைவு. மதிப்பெண் சீராக இருப்பவருக்கே அந்த நிலை. ஆகவே அப்படிப்பட்ட ஆசைகள் இரண்டு மூன்றோடு நிறுத்திவிட்டு, உங்கள் எஸ்.ஏ.டி. மதிப்பெண் அந்தக் கல்லூரியில் சேர்ந்தவர்களின் நடுமதிப்புக்கு மேலே இருக்கும் இடங்களாக ஐந்தாறு சேருங்கள். இங்கேயே ஒரு நல்ல கல்லூரிக்கும் கவுன்சிலிங்கில் பதிவு செய்து வையுங்கள்.

பணத்தைப் பற்றி வீட்டில் முதலிலேயே பேசிவிட வேண்டும். பெரிய தனியார் பல்கலைக்கழகங்களில் எல்லாச் செலவும் சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல் போகிறது. நிதி உதவி கேட்டதாலேயே வெளிநாட்டு மாணவரை ஒதுக்காத இடங்கள் மிகச் சில: ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., டார்ட்மவுத், ஆம்ஹர்ஸ்ட், பவுடின் போன்றவை. மற்ற பெரும்பாலான இடங்களில் உதவி கேட்டால் போட்டி இன்னும் இறுகும். ஏறி இறங்கிய மதிப்பெண்ணும் முழு உதவித்தொகைத் தேவையும் சேர்ந்தால் அதுதான் இருப்பதிலேயே கடினமான கூட்டணி. அதை மறைத்துப் பேசுகிறவர்கள் உங்களிடம் கட்டணம் வாங்குகிறவர்களாக இருப்பார்கள். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் இன்னும் கல்விக் கட்டணம் இல்லை என்பதை இந்த இடத்தில் மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்கால பருவத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் வாங்கத் தொடங்கிவிட்டது.

படி 8: நாட்காட்டி

நம் பள்ளி வருடமும் அவர்கள் விண்ணப்ப வருடமும் மோதிக்கொள்ளும். காமன் ஆப் ஆகஸ்ட் 1 திறக்கிறது. செப்டம்பரில் காலாண்டு. அக்டோபர் 15 ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், பிரிட்டனின் மருத்துவப் படிப்புகளுக்குக் கடைசி நாள். நவம்பர் 1 வாக்கில் அமெரிக்க முன்கூட்டிய சுற்று, நவம்பர் கடைசியில் கலிஃபோர்னியா. டிசம்பரில் அரையாண்டு, அது முடிந்த கையோடு ஜனவரி முதல் வாரம் அமெரிக்க வழக்கமான சுற்று, அதே மாதம் நடுவில் யூகாஸ். பிறகு ரிவிஷன், மார்ச்சில் பொதுத்தேர்வு.

ஏற்றம் +2இல்தான் தெரிகிறது என்றால் நவம்பர் சுற்று உங்களுக்குச் சரிப்படாது. அதில் காட்ட உங்களிடம் காலாண்டு மட்டுமே இருக்கும். வழக்கமான சுற்றில் விண்ணப்பித்தால், அரையாண்டு மதிப்பெண்ணைப் பள்ளி ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ இடைக்கால அறிக்கையாக அனுப்பும். அந்த ஒரு தாள், உங்களைப் போன்றவர்களுக்குக் கட்டுரையைவிட முக்கியம். அதை அனுப்ப மறக்கும் பள்ளிகள் நிறைய; பொங்கல் விடுமுறை முடிந்ததும் அலுவலகத்தில் போய் நில்லுங்கள்.

கட்டுரைகளை +1 முடிந்த கோடை விடுமுறையிலேயே எழுதிவிடுங்கள். டிசம்பரில் கட்டுரை எழுத உட்கார்ந்து அரையாண்டைக் கோட்டைவிட்டால், எதை நிரூபிக்கக் கிளம்பினோமோ அதுவே போய்விடும்.

படி 9: முடிவு வந்த பிறகு

அமெரிக்க முடிவுகள் மார்ச் கடைசிக்குள் வந்துவிடும், பதில் சொல்ல வழக்கமான கடைசி நாள் மே 1. நம் +2 முடிவு வருவது மே மாதத்தில். இடம் கிடைத்துவிட்டது என்று பொதுத்தேர்வில் கையைத் தளர்த்தாதீர்கள். இறுதி மதிப்பெண் பெரிதாக இறங்கினால் கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு. பிரிட்டனில் நிபந்தனைக்கு ஒன்றிரண்டு மதிப்பெண் குறைந்தால் உடனே பல்கலைக்கழகத்துக்கு எழுதுங்கள், அதே நேரத்தில் விடைத்தாள் நகலுக்கும் விண்ணப்பியுங்கள். நகலைப் பார்த்த பிறகு மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவு செய்யலாம். இதற்கான அவகாசம் சில நாட்கள்தான், முடிவு வந்த அன்றே அறிவிப்பைப் பாருங்கள்.

காத்திருப்போர் பட்டியலில் வைத்தால், ஏறிய மதிப்பெண்ணை ஐந்தாறு வரியில் எழுதி அனுப்புங்கள். ஒரு தடவை போதும்.

எங்கும் கிடைக்கவில்லையா? அமெரிக்காவில் இன்னொரு வாசல் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி கல்லூரிகளில் சேர +2 தேறியிருந்தாலே பெரும்பாலும் போதும். அங்கே இரண்டு வருடம் நன்றாகப் படித்துவிட்டு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்தில் சேரலாம். அப்போது பார்ப்பது கல்லூரி மதிப்பெண்ணைத்தான். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், குறிப்பிட்ட ஜி.பி.ஏ.வும் பாடங்களும் இருந்தால் இடம் உறுதி என்று ஒப்பந்தமே போடுகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோவில் அந்த ஒப்பந்தம் இல்லை. ஆனாலும் அங்கேயும் இந்த வழியில் வருடந்தோறும் சேர்கிறார்கள். எல்லாப் படிப்புக்கும் இது பொருந்தாது, கணினி அறிவியல், பொறியியல் பலவற்றில் விதிவிலக்கு உண்டு. ஆகவே கம்யூனிட்டி கல்லூரியில் சேருவதற்கு முன்பே, நீங்கள் எடுக்கப்போகும் பாடங்கள் எந்த வளாகத்தில் எந்தப் பாடத்துக்கு ஈடாகும் என்று மாநிலத்தின் அசிஸ்ட் இணையதளத்தில் ஒவ்வொன்றாகத் தேடிக் குறித்துவையுங்கள்.